வெளிநாட்டு ஆங்கிலிக்கன் சபையோடு சேர்ந்து வாலிபர் ஊழியம் செய்வது எப்படி?

பின்னால் வாசிக்கிறவர்களுக்காக உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுப்பில், வாலிபர் சங்கச் செயலாளர். இங்கிலாந்தில் உள்ள ஓர் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து (இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்த சபைகளை அப்படிச் சொல்வார்கள்) மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவர்களுடைய வாலிபர்கள் பதினைந்து பேர் வந்து, இரண்டு வாரம் உங்களோடு தங்கி ஊழியம் செய்ய ஆசைப்படுகிறார்கள். ஆங்கிலிக்கன் உலகத்தில் இப்படிப்பட்ட ஒத்துழைப்பு எந்த வழியாக நடக்கிறது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், இதனால் நம் பிள்ளைகளுக்கு ஏதாவது பயன் உண்டா அல்லது வெறும் சுற்றுலாவாக முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். அவர்களுக்கு நாம் யார்? உபசரிக்கிறவர்களா, உதவி வாங்குகிறவர்களா, கூட்டாளிகளா? இதை இரண்டு பக்கமும் முதலில் பேசித் தெளிவாக்கிக்கொண்டால் மற்றதெல்லாம் ஒழுங்காக வரும்.

திருமண்டல (ஒரு பேராயரின் கீழ் உள்ள சேகரங்களின் தொகுதி) வாலிபர் ஊழியத்தில் பல வருடங்கள் இருந்தவன் நான். வெளிநாட்டுக் குழுக்களை வரவேற்றிருக்கிறேன், நம் பிள்ளைகளை அனுப்பியும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். விசா, வெளிநாட்டுப் பணம் பற்றிச் சொல்கிற இடங்களில் மட்டும் நான் வக்கீலோ ஆடிட்டரோ இல்லை என்பதை மனதில் வைத்து, உங்கள் ஊரில் ஒருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் நிச்சயமானதைச் சொல்கிறேன். ஆங்கிலிக்கன் சபைகளுக்குப் போப்பாண்டவர் மாதிரி ஒரு தலைமை கிடையாது. 42 தன்னாட்சி மாகாணங்களும் சில சிறிய சபைகளும் சேர்ந்த குடும்பம் அது. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கான்டர்பரி பேராயருக்கு மரியாதை உண்டு, எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைக்கும் உரிமை உண்டு. இன்னொரு நாட்டுத் திருச்சபைக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. உலகெங்குமுள்ள ஆங்கிலிக்கன் பேராயர்கள் 1867 முதல் கூடிவரும் லாம்பெத் மாநாடும், 1971இல் கென்யாவின் லிமுருவில் முதல்முறை கூடிய ஆங்கிலிக்கன் ஆலோசனைப் பேரவையும் அப்படித்தான். பேசுவார்கள், வழிகாட்டுதல் தருவார்கள், பிறகு ஒவ்வொரு சபையும் தன் இஷ்டப்படி முடிவெடுக்கும். வாலிபர் ஊழியத்துக்கென்று ஒரு சர்வதேச ஆங்கிலிக்கன் வலையமைப்பும் இருக்கிறது. அது இளைஞர் ஊழியர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துகிற தொடர்புச் சங்கிலி. உங்கள் பயணத்துக்கு அனுமதி கொடுப்பதோ மறுப்பதோ அதன் வேலை இல்லை.

நாம் இதில் எப்படி வந்தோம் என்று கேட்கிற பிள்ளைகள் நிறைய. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் மரபுகள் அதில் ஒன்றாயின. ஆங்கிலிக்கன் உலகம் ஆரம்பத்தில் இந்த ஐக்கியத்தைப் பார்த்துத் தயங்கியது. முழு உறுப்பினராக ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. நீங்கள் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் என்றால் உங்கள் பாட்டனார் காலத்திலேயே ஆங்கிலிக்கன்தான். குமரி என்றால் லண்டன் மிஷன் வழி, மதுரை என்றால் அமெரிக்கன் மிஷன் வழி. எந்த வழி வந்திருந்தாலும் இன்று அந்த மேசையில் உட்கார உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும்போது அந்த உரிமையோடு எழுதுங்கள்.

அப்படியானால் உண்மையான வேலை எங்கே நடக்கிறது? திருமண்டலத்துக்கும் திருமண்டலத்துக்கும் இடையில். 1963இல் கனடாவின் டொரொன்டோவில் உலக ஆங்கிலிக்கன் மாநாடு கூடியபோது ஒரு பெரிய திருப்பம் வந்தது. அதுவரை அனுப்புகிற சபை, பெறுகிற சபை என்று இரண்டு சாதியாகத்தான் பார்த்தார்கள். இனி ஒருவருக்கொருவர் பொறுப்பு, ஒருவரையொருவர் சார்ந்த வாழ்வு என்ற அறிக்கை அங்கே வெளியானது. அதன்பின் திருமண்டலங்கள் ஜோடி சேர ஆரம்பித்தன. பர்மிங்ஹாம் 1966இல் மலாவியோடு கைகோத்தது, இன்றுவரை விடவில்லை. சாலிஸ்பரி திருமண்டலம் 1970களின் தொடக்கத்திலிருந்து சூடானோடு இருக்கிறது. உள்நாட்டுப் போர், நாடு இரண்டாகப் பிரிந்தது, எல்லாவற்றையும் அந்த உறவு தாண்டியிருக்கிறது. ரிப்பன் திருமண்டலத்துக்கு இலங்கைத் திருச்சபையோடு நெடுநாள் உறவு இருந்தது. ரிப்பன் இப்போது லீட்ஸ் திருமண்டலத்துக்குள் போய்விட்டாலும் அந்த உறவு தொடர்கிறது. லெஸ்டர் திருமண்டலம் நம் திருச்சி–தஞ்சைத் திருமண்டலத்தோடு இணைந்திருக்கிறது. ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் திருமண்டலத்துக்கு ஏற்கெனவே வெளிநாட்டில் இப்படி ஒரு துணை இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்பது. இருந்தால், உங்களுக்கு எழுதிய சபை அந்தத் திருமண்டலத்தைச் சேர்ந்ததா என்று பாருங்கள். ஆம் என்றால் பாதி வேலை முடிந்தது. இல்லை என்றாலும் தவறில்லை. ஆனால் பேராயருக்கும் சேகர குருவானவருக்கும் தெரியாமல் வாலிபர் சங்கம் தனியாக ஒரு அடிகூட எடுத்து வைக்க வேண்டாம். நாளை ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

1993இல் ஆங்கிலிக்கன் ஆலோசனைப் பேரவை கூட்டுறவுக்கான பத்துக் கொள்கைகளைக் கொடுத்தது. அவற்றில் முதலாவது, என்ன தேவை என்பதை அந்த ஊர்ச் சபைதான் தீர்மானிக்க வேண்டும் என்பது. இதை நான் மிகவும் பெரிதாக நினைக்கிறேன். நடைமுறையில் அடிக்கடி மீறப்படுவதும் இதுதான். வருகிறவர்கள் ஒரு திட்டத்தைத் தயாராகக் கொண்டுவருவார்கள்: சுவருக்கு வண்ணம் அடிப்போம், பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்துவோம், நாடகம் போடுவோம் என்று. நம்மவர்களும் விருந்தாளி மனம் கோணக்கூடாது என்று தலையாட்டிவிடுவார்கள். நம் ஊரில் வண்ணம் அடிக்க ஆள் இல்லாமலா இருக்கிறது?

பயன் உண்டா என்று கேட்டீர்கள் அல்லவா, நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குழு வந்திருந்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு சபையில் அசனம், அதாவது எல்லோருக்கும் பொது விருந்து. முந்தின நாள் ராத்திரி ஊரே பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தது. வந்த பிள்ளைகளையும் அப்படியே உட்காரவைத்து அரிவாள்மனையும் வெங்காயமும் கொடுத்துவிட்டார்கள். அரிவாள்மனையில் கை போய்விடும் என்று பயந்து ஒரு அம்மா ஓடிப்போய்க் கத்தி எடுத்துவந்தார். கல்லூரியில் படிக்கும் ஓர் ஆங்கிலேயப் பெண், எங்கள் பையன் ஒருவனிடம், இவ்வளவு வாலிபர்களைக் கோயிலுக்கு எப்படி வரவைக்கிறீர்கள் என்று கேட்டாள். தன் ஊர்க் கோயிலில் தன் வயதில் இன்னும் ஒரே ஒரு ஆள்தான் என்றாள். அவன், 'வரவில்லை என்றால் ஆச்சி திட்டும்' என்றான். அவள் சிரிக்கவில்லை. 'என்னை யாரும் திட்டுவதில்லை, நான் போவதே எங்கள் வீட்டில் பிடிக்காது' என்றாள். பையன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, 'அப்புறம் ஏன் போகிறாய்?' என்று கேட்டான். அந்தப் பேச்சு நடுராத்திரி தாண்டியும் ஓடியது. அவனோடு இருந்த இன்னும் நாலைந்து பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். பழக்கத்தினால் கோயிலுக்கு வருகிறவர்களும், தானாக முடிவெடுத்து வருகிறவளும் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். எந்த முகாமிலும் எந்தப் பிரசங்கியாராலும் அதை ஏற்பாடு செய்திருக்க முடியாது. ஒத்துழைப்பினால் பயன் உண்டு என்று நான் சொல்வது இந்த மாதிரி நேரங்களை வைத்துத்தான்.

அந்தப் பயன் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் சந்தேகமான இடம். போய் வந்தவர்கள் எல்லோரும் 'என் வாழ்க்கையே மாறிவிட்டது' என்றுதான் சாட்சி சொல்வார்கள். 1998இல் மிட்ச் சூறாவளி ஹொண்டுராஸை அழித்தபின் வட அமெரிக்காவிலிருந்து ஏராளமான குழுக்கள் அங்கே வீடு கட்டப் போயின. அதை ஆராய்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக், வந்தவர்களுடைய காணிக்கையிலோ ஜெபத்திலோ நீண்ட நாள் மாற்றம் பெரிதாக இல்லை என்று கண்டார். வீடு கிடைத்தவர்களுக்கும், அதை வெளிநாட்டவர் கட்டினார்களா உள்ளூர்க்காரர்கள் கட்டினார்களா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. விமானச் செலவைச் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு ஆன செலவு, உள்ளூர் அமைப்பு கட்டுவதைவிடப் பல மடங்கு. அது ஆங்கிலிக்கன் குழுக்களைப் பற்றிய ஆய்வு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பயணத்துக்கு முன்னும் பின்னும் தொடர்பு இருந்தால்தான் அது ஒட்டும் என்று நான் நம்ப அது ஒரு காரணம். ஒருமுறை வந்து போனதோடு முடிந்துவிட்ட குழுக்களைப் பற்றிப் பிறகு எங்கள் பிள்ளைகள் பேசியதே இல்லை. திரும்பத் திரும்ப வந்த சபையின் ஆட்களைப் பெயர் சொல்லி இன்றும் விசாரிக்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் உங்கள் கேள்வியில் இல்லாதது, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது. பிள்ளைகளின் பாதுகாப்பு. ஜான் ஸ்மைத் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் பெரிய வக்கீல். உயர்தரப் பள்ளி மாணவர்களுக்கான கிறிஸ்தவ விடுமுறை முகாம்களில் தலைவராக இருந்தவர். அங்கே பழகிய பையன்களை ஆன்மீக ஒழுக்கம் என்ற பெயரில் ரத்தம் வரும்வரை அடித்தார். 1982இலேயே சில திருச்சபைக்காரர்களுக்கு இது எழுத்தில் தெரியும். போலீசுக்குப் போகவில்லை. அவர் 1984இல் ஜிம்பாப்வேக்குப் போனார். அங்கேயும் பையன்களுக்கு முகாம் நடத்தினார். 1992இல் அவர் நடத்திய முகாமில் 16 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அதன்மேல் வந்த வழக்கும் முடிவு காணாமல் நின்றது. பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போய், ஒரு நீதிமன்றமும் தண்டிக்காமலே 2018இல் கேப் டவுனில் இறந்துபோனார். 2024 நவம்பரில் இதைப் பற்றிய மேக்கின் விசாரணை அறிக்கை வெளியானது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல், அதில் பெரும்பகுதி ஆப்பிரிக்கப் பையன்கள். அறிக்கை வந்த சில நாட்களில் அப்போதைய கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி இதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகுவதாக அறிவித்தார்.

இந்தக் கதையை உங்கள் சேகரக் கமிட்டியில் அப்படியே சொல்லுங்கள். இங்கிலாந்தில் சந்தேகத்துக்கு ஆளான ஒருவர் ஆப்பிரிக்காவில் மிஷனரியாக வரவேற்கப்பட்டார். நன்றாகப் பேசினார், வெள்ளைக்காரர், விட்டுவிட்டார்கள். நம் ஊரிலும் அந்த மயக்கம் இருக்கிறது என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இதற்காகவே ஆங்கிலிக்கன் உலகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. 2012இல் ஆக்லாந்தில் கூடிய ஆலோசனைப் பேரவையில் மக்கள் பாதுகாப்புக்கான சாசனம் ஒன்றை ஏற்றார்கள். 2016இல் லுசாகாவில், ஒரு ஊழியர் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அவருடைய தகுதி பற்றிய உண்மைகளைச் சபைகள் ஒன்றுக்கொன்று தெரிவிக்கும் நடைமுறை வந்தது. பாதுகாப்புக்கென்று ஓர் ஆணையமும் அமைந்தது. அந்த ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2019இல் ஹாங்காங்கில் ஏற்கப்பட்டன. ஏற்கெனவே சொன்ன மாதிரி, இவற்றைக் கட்டாயப்படுத்த மேலே யாரும் இல்லை. நீங்கள் கேட்டால்தான் வரும். ஆகவே கேளுங்கள். வருகிற ஒவ்வொரு பெரியவரைப் பற்றியும் அவர்கள் பேராயரின் அலுவலகத்திலிருந்து எழுத்துமூலமான உறுதி, இங்கிலாந்தில் டி.பி.எஸ். என்று சொல்கிற குற்றப்பதிவுச் சோதனை, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள அந்தத் திருமண்டலத்தின் பாதுகாப்பு அலுவலரின் எண் ஆகிய மூன்றும் கைக்கு வந்தபிறகே தேதி குறியுங்கள். டி.பி.எஸ். அந்த நாட்டுப் பதிவை மட்டும்தான் காட்டும். இடையில் வேறு நாட்டில் இருந்தவர் என்றால் அங்கேயும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

நம் பக்கமும் அதே கண்டிப்பு வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளும் பிள்ளைகள்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள யாரும் ஒரு பெரியவரோடு தனி அறையில் தங்கக்கூடாது. வீடுகளில் தங்கவைத்தால் இரண்டிரண்டு பேராக. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் நம் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே அதன்படி குற்றம். சபைக்குள் பேசி முடித்துக்கொள்வோம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இதை வரவேற்புக் கமிட்டியில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள்.

சரி, சட்ட விஷயங்கள். மின்னஞ்சலில் 'ஊழியம் செய்ய' என்று எழுதியிருக்கிறார்கள் என்றீர்கள். சுற்றுலா விசாவில் வருகிறவர் ஆராதனையில் உட்காரலாம், நம்மோடு பாடலாம், சாப்பிடலாம். பிரசங்கம் செய்யக்கூடாது, துண்டுப்பிரதி கொடுக்கக்கூடாது. மேடையில் நிறுத்தி 'இரண்டு வார்த்தை' பேசச் சொல்லும் நம் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது அவர்களுக்குத்தான் ஆபத்து. வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். சி ஃபார்ம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பணம் என்று வந்தால் இன்னும் கவனம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத உங்கள் சங்கம் ஒரு பவுண்டுகூட நன்கொடையாக வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள ஓர் அமைப்பு வாங்கி இன்னொன்றுக்கு மாற்றிக்கொடுக்கவும் வழியில்லை. தங்கள் பஸ், சாப்பாடு, அறைச் செலவை அவர்களே நேராகக் கொடுத்துக்கொள்ளட்டும். கோயிலுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போகிறோம் என்றால், அன்போடு வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் இல்லாத உறவாக ஆரம்பிப்பது பின்னால் மிகவும் நல்லது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்.

அடுத்தது, நம் பிள்ளைகள் அங்கே போவது. திரும்பப் போகிற பயணம் இல்லாத உறவைக் கூட்டுறவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. தடை பெரியதுதான். விமான டிக்கெட், பிரிட்டிஷ் விசாக் கட்டணம், அதற்கு மேலாக 'திரும்பி வருவீர்கள் என்று எப்படி நம்புவது' என்ற கேள்வி. நிலையான வேலையோ சொத்தோ இல்லாத இருபது வயதுப் பிள்ளை அதற்கு என்ன காகிதம் காட்டும்? அழைக்கிற சபையும் அவர்கள் திருமண்டலமும் செலவுக்கும் திரும்புவதற்கும் பொறுப்பேற்று விரிவான கடிதம் கொடுத்தால் வாய்ப்பு கூடும், உறுதி கிடையாது. நம் திருச்சபை ஐக்கியத் திருச்சபை என்பதால் ஆங்கிலிக்கன் அல்லாத கதவுகளும் நமக்குத் திறந்திருக்கின்றன. பழைய லண்டன் மிஷன் வழிவந்த உலக ஊழிய மன்றம், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது. பல நாட்டு வாலிபர்களைச் சேர்த்து மிஷன் பயிற்சி நடத்துகிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் இ.எம்.எஸ். என்ற கூட்டமைப்பு, நம் பக்கத்திலிருந்தும் இளம் தன்னார்வலர்களை ஐரோப்பாவுக்கு அழைத்திருக்கிறது. இரண்டிலும் தென்னிந்தியத் திருச்சபை உறுப்பினர். நம் திருச்சபையின் தலைமை அலுவலகமான சினாட் அலுவலகம் வழியாக விசாரியுங்கள். அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையின் இளையோர் சேவைத் திட்டத்தைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அது 21 முதல் 30 வயதுவரையுள்ள தங்கள் சபையாரை வெளிநாட்டுக்கு அனுப்புவது, நம்மை அங்கே அழைப்பது இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கிலிக்கன் குடும்பம் இன்று பிளவுபட்டு நிற்கிறது. ஓரின உறவு பற்றிய கருத்து வேறுபாட்டில் 2008இல் எருசலேமில் காஃப்கான் என்ற பழமைவாத ஆங்கிலிக்கன் இயக்கம் உருவானது. 2022 லாம்பெத் மாநாட்டுக்கு நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா பேராயர்கள் வரவில்லை. 2023இல் இங்கிலாந்துத் திருச்சபை ஓரின ஜோடிகளுக்கான ஆசீர்வாத ஜெபங்களுக்கு இடம் கொடுத்த பிறகு விரிசல் இன்னும் கூடியது. உங்களிடம் வருகிற பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளும் இதில் ஒரே மாதிரி நினைக்க மாட்டார்கள். இதை வைத்து அவர்கள் வருகையையே மறுத்துவிட வேண்டும் என்று உங்கள் கமிட்டியில் ஒருவராவது சொல்வார். நான் அதற்கு உடன்பட மாட்டேன். அதற்காக, பேச்சே எழாதமாதிரி மூடிவைப்பதும் வேண்டாம். இரண்டு பக்கத்துப் பொறுப்பாளர்களும் முன்கூட்டியே பேசி, கேள்வி வந்தால் எப்படி மரியாதையோடு பேசுவது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். இருபது வயதுக்காரர்கள் நாம் நினைப்பதைவிட இதை நன்றாகக் கையாள்வார்கள்.

இப்போது அந்த மின்னஞ்சலுக்கு என்ன எழுதுவது என்றால், குருவானவரிடம் பேசிவிட்டு இப்படி எழுதுங்கள். மின்னஞ்சலுக்கு நன்றி. பதினைந்து பேர் இந்த முறை வேண்டாம். முதலில் இரண்டு பொறுப்பாளர்களும் இரண்டு வாலிபர்களும் வரட்டும். அதற்கு முன் ஆறு மாதம், மாதம் ஒருமுறை இரண்டு பக்கத்து வாலிபர்களும் வீடியோவில் சந்தித்து, ஒரே வேதபகுதியை வாசித்துப் பேசுவோம். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தடுமாறும் என்பதால் மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொள்கிறோம், நிதானமாகப் பேசுங்கள். வருகிறவர்களின் பாதுகாப்புச் சான்றுகளை உங்கள் பேராயர் அலுவலகம் எங்கள் பேராயர் அலுவலகத்துக்கு அனுப்பட்டும். எங்கள் ஊரில் வந்து என்ன செய்யலாம் என்பதை அந்த ஆறு மாதம் முடிந்தபின் நாங்கள் சொல்கிறோம். எங்களில் இருவர் உங்கள் ஊருக்கு வருவது எப்போது, எப்படி என்பதையும் முதல் சந்திப்பிலேயே பேசுவோம். இதைப் படித்துவிட்டு அவர்கள் ஆர்வம் குறைந்து பின்வாங்கினால், விட்டுவிடுங்கள், வருத்தப்பட ஒன்றும் இல்லை. சரி என்று பதில் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். வீடுகளில் தங்கவைக்கும் விதிமுறைகள் தமிழில் என்னிடம் இருக்கின்றன, அனுப்பிவைக்கிறேன்.